தின்னர் துடைத்த முகம்

வடிவு,

நீ ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வரும்போது நான் கராஜில் இருப்பேன். தாரிணியை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மீன்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு. ஏசி ரிப்பேர்காரன் வருவான், தூங்கிவிடாதே.

தாரிணியின் பொம்மையைப் பார்த்து, "தடிச்ச உதடும் சாயமும், இதெல்லாம் ஒரு பொம்மையா?" என்று கத்தினாயே, அந்த உதட்டுச் சாயத்தை நேற்று பெயின்ட் தின்னர் தொட்டுத் துடைத்தேன். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற கை, அழுத்திவிட்டது. கண்ணும் சேர்ந்து போய்விட்டது.

தாரிணி அழவில்லை. "அது என்னை மாதிரியே கருப்பா, உதடு பெருசா இருந்துச்சுப்பா" என்றாள்.

பொம்மை அவள் தலையணைக்கடியில் இருக்கிறது. குப்பையில் போட்டுவிடாதே.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். வேறு வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "வெள்ளையா இருக்கிறதா வாங்குங்கப்பா. அம்மா திட்டாது" என்றாள்.