முப்பதுக்கு ஒன்பது

ஜூன் 12, புதன்

சிலமலை பால்வாடியில் இன்று ஏழு பிள்ளைகளை முடித்தேன். ஆறு என்றுதான் திட்டம். ஏழாவது தானாகவே வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது. பெயர் தமிழினி, நாலு வயது. மூக்கு ஒழுகுகிறது, அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை.

மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னால், அவள் அவற்றை வரிசையாக நிறுத்திவைத்து, "ஏறு ஏறு, வெரசா ஏறு, மேட்டுல நிக்காது" என்று கத்துகிறாள். அப்பா ஈஸ்வரன் ஜீப் ஓட்டுகிறார். விடிந்ததும் பெண்களை ஏற்றிப்போய்ப் போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்தில் விட்டுவிட்டு, பொழுது சாயக் கூட்டிவருவார். அந்தப் பெண்களில் ஒருத்திதான் அம்மா முத்துப்பிரியா. இப்படித் தாய் நாளெல்லாம் மலையில் இருந்தால் கீழே பிள்ளையின் வளர்ச்சி பின்தங்குமா என்பதுதான் எங்கள் ஆய்வு. ஜூன், ஆகஸ்ட், அக்டோபர் என்று மூன்று சுற்று. கட்டை அடுக்குவது, நிறம் சொல்வது, படம் பார்த்துக் கதை சொல்வது, ஒற்றைக்காலில் நிற்பது. மொத்தம் முப்பது.

ஜீப்பில் ஆள் ஏற்றுவதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை. ஒன்பது போட்டேன். படிவம் தயாரித்தவர்கள் யாருமே ஒருநாளும் நாலு வயதில் இருந்ததில்லை போலிருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

பெற்றோர் பேட்டிக்கு மூன்றாவது நாளாக ஒருவரும் வரவில்லை. பால்வாடி ஆயா பேச்சியக்கா சிரிக்கிறார். "சோலியப் போட்டுட்டு எதுக்கும்மா வருவாக? புள்ள எத்தன மார்க்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறீக."

சொல்லக் கூடாதுதான். மதுரையில் இருந்து ஆய்வை நடத்தும் சந்திரவல்லி மேடம் பயிற்சியில் முதலில் சொன்னதே அதுதான். ஆனால் அதே மேடம்தான் தினம் ஃபோன் போட்டு, "பேட்டி எத்தனை முடிஞ்சது?" என்று உயிரை எடுக்கிறார். வெட்டித்தனமான விதி. துண்டுச்சீட்டு கிழித்து, பெயர், மார்க்கு, கீழே என் கையெழுத்து. இருபத்திரண்டு சீட்டு எழுதிப் பேச்சியக்காவிடம் கொடுத்தனுப்பினேன். பெற்ற பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொண்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

ஜூன் 21, வெள்ளி

இருபத்திரண்டு வீடும் வந்துவிட்டது! ஈஸ்வரன் ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, சீட்டை நீட்டினார். "முப்பதுக்கு ஒம்போதுன்னா பெயிலுதான மேடம்?" இது பரீட்சை இல்லண்ணே என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 9, செவ்வாய்

ஊரில் கூத்து. ஆசாரியிடம் சொல்லி எல்லா வீட்டிலும் கட்டை செய்து வாங்குகிறார்களாம், என் பெட்டியில் இருப்பது போலவே. அளவு பார்த்துப்போக ஆசாரியே பால்வாடிக்கு வந்திருந்தார். பேச்சியக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிள்ளை மேல் அக்கறை இல்லை என்கிறவர்களை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இரண்டாம் சுற்று.

தமிழினி வந்தாள். மடிக்கு வரவில்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் சொல்வதற்கு முன்பே கட்டைகளை அடுக்கினாள். பத்தும் நின்றது. நிறம் கேட்டேன், படபடவென்று ஒப்பித்தாள். கதையும் அப்படியே, மூச்சுவிடாமல். ஒற்றைக்காலில் மட்டும் நிற்க முடியவில்லை. இருபத்தேழு.

ஒன்பதில் இருந்து இருபத்தேழு. இரண்டு மாதத்தில்.

பெட்டியில் எடுத்துவைக்கும்போது என் கை பட்டுக் கட்டைகள் சரிந்தன. அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குப்புறக் கவிழ்ந்தாள். சத்தமே இல்லை. பாய் நனைந்தது.

கவுனை மாற்றப் பேச்சியக்கா கழற்றினார். முதுகில், தொடையில், பிட்டத்தில் கோடு கோடாகக் கன்றிப்போயிருந்தது. ஒயரை இரண்டாக மடித்து அடித்தால் வருகிற கோடு. சில பழுத்து மஞ்சளாகிவிட்டன, சில நேற்றையவை. யாரும்மா அடிச்சா என்று கேட்டேன். "அப்பா படிக்க வச்சாரு" என்றாள். பேச்சியக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார். "இது ஒண்ணு மட்டுமில்லம்மா. அஞ்சாறு புள்ளைக்கு இருக்கு."

உனக்குத் தெரியுமா, எவ்வளவு நாளாகத் தெரியும் என்று அவர் மேல் பாய்ந்தேன். வெட்கமில்லாமல்.

ஆகஸ்ட் 14, புதன்

காயத்தைப் பார்த்த அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஃபோன் செய்ய வேண்டும், மேடத்திடமும் சொல்ல வேண்டும். விதி எனக்குத் தெரியும். சொன்னால் சீட்டு விஷயமும் வெளியே வரும். வேலை போகும், இரண்டு வருட உழைப்பு போகும்.

மேடத்துக்கு ஃபோன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள், நேற்று அனுப்பிய மார்க்குகளைப் பார்த்திருந்த அவர், "பவித்ரா, சிலமலை எகிறியிருக்கு! நாம பெத்தவங்களக் கூப்பிட்டுப் பேசினது வேலை செய்யுது!" என்றார். அப்படியொரு சந்தோஷம் அந்தக் குரலில். ஆமா மேடம் என்றேன்.

ஆமா மேடம். த்தூ.

நானே ஈஸ்வரனிடம் பேசிச் சரிசெய்துவிடுகிறேன். பேசினால் கேட்கிற மனிதர்தான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

போடி ஜீப் ஸ்டாண்டில் பிடித்தேன். என்னைக் கண்டதும் பீடியைப் போட்டு மிதித்துவிட்டு, துண்டைத் தோளில் இருந்து எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளையை அடிக்காதீங்கண்ணே, இனிமேல் தேவையே இல்லை, இருபத்தேழு வாங்கிவிட்டாள் என்றேன். அது போதும், அதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன்.

முகமெல்லாம் பூரிப்பு. "அடிக்காம வருமா மேடம்? என்னைய எங்கய்யா அடிச்சிருந்தா நான் ஏன் இந்த ஸ்டேரிங்கு வளையத்தச் சுத்திக்கிட்டுக் கெடக்கேன்?" அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மீதி மூணு எதுல போச்சு மேடம்?"

சொன்னேன். அறிவுகெட்ட முண்டம் நான், சொன்னேன். ஒற்றைக்காலில் நிற்பதில் போயிற்று, அது வயது வந்தால் தானாக வந்துவிடும் என்று விளக்கம் வேறு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பேச்சியக்கா ஃபோன். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

விடிந்ததில் இருந்து ஆட்டுக்கல் மேல் ஒற்றைக்காலில் நிற்க வைத்திருக்கிறார். கால் கீழே படும்போதெல்லாம் விறகுக்கட்டையால் கெண்டைக்காலில் ஓர் அடி. ஓர் அடிக்குக் குழந்தை கையைக் குறுக்கே நீட்டிவிட்டது. முறிந்த சத்தம் தெருவுக்குக் கேட்டதாம். குளிக்கப் போயிருந்த முத்துப்பிரியா ஈரத்தோடு ஓடிவந்து, அம்மிக்குழவியைத் தூக்கிப் புருஷன் தலையில் போட்டுவிட்டாள்.

நான் போகும்போது முற்றம் முழுக்க ரத்தம். அது அவருடைய ரத்தம். குழந்தையின் இடது முழங்கை பின்பக்கமாகத் திரும்பித் தொங்கியது. அவள் அழவில்லை. முத்துப்பிரியா தன் தலையில் தானே அடித்துக்கொண்டு, "கொன்னுட்டியேடா பாவி" என்று அலறினாள். ஈஸ்வரன் சுவரோரம் துண்டைத் தலையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "பதினஞ்சு எண்ற வரைக்கும் நின்னுச்சு மேடம். இன்னொருக்கா வச்சுப் பாருங்க, முழுசா வாங்கிரும்."

செருப்பைக் கழற்றி அடித்தேன். முகத்தில், காதில், அந்த உடைந்த மண்டையில். எத்தனை அடி என்று தெரியாது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை, அதனால் இன்னும் அடித்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைத்துரை அண்ணன் என்னை இடுப்பைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் திணித்தார். "புள்ளையக் கொண்டுபோற வழியப் பாருங்க தாயி!"

அடித்தபோது எனக்கு நன்றாக இருந்தது. இதை எழுதித்தான் ஆக வேண்டும். குளிர்ந்துபோனது மாதிரி, நல்லா இருந்துச்சு. பிள்ளை அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தேனி ஆஸ்பத்திரி. முழங்கையில் கம்பி வைத்திருக்கிறார்கள். 1098க்குச் சொன்னேன், அந்த ஐந்தாறு பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு மேடத்திடம் சொன்னேன், சீட்டில் இருந்து எல்லாமே. "அஞ்சு நாளா ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பயம் மேடம் என்றேன். வைத்துவிட்டார்.

ஆறு நாள். அதைக்கூட அவர் எனக்காகக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 4, புதன்

தேனியில் குழந்தைகள் நலக் குழு முன்னால் விசாரணை. ஈஸ்வரன் தரப்பு வக்கீல் அந்தச் சீட்டை எடுத்து வைத்தார். நாலாக மடித்த மடிப்பு கிழிகிற நிலையில் இருந்தது. இது உங்க கையெழுத்தா என்று குழுத் தலைவி கேட்டார். ஆமாம் என்றேன். பெற்றோருக்குத் தரலாமா? தரக் கூடாது. காயத்தைப் பார்த்தது எந்தத் தேதி? பதிமூன்று. தகவல் சொன்னது? பத்தொன்பது. இடையில் என்ன செய்தீர்கள்? மீதி மூன்று மதிப்பெண் எதில் போனது என்று அவரிடம் சொன்னேன்.

தட்டச்சு செய்த பெண் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள்.

பிள்ளையை அம்மாவோடு தேவாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஆள் போகும். நான் வேலையில் இல்லை. இரண்டாம் சுற்றைக் குப்பையில் போட்டாயிற்று.

செப்டம்பர் 11, புதன்

மிச்சமுள்ள இருபத்தொரு வீட்டுக்கும் போய்ச் சீட்டைத் திரும்பக் கேட்கிறேன். பதினாறு கிடைத்தது. ஒரு வீட்டில் பிளாஸ்டிக் உறை போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள், தர மாட்டேன் என்றார்கள். இன்னொரு வீட்டில் என் தலையைக் கண்டதும் பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஓடியது. அந்த அம்மா, "எழுதிக் குடுத்ததும் நீதான், பிடுங்க வந்ததும் நீதானா?" என்று விளக்குமாற்றைத் தூக்கினாள். நின்றேன். அவள்தான் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

முத்துப்பிரியா ஃபோன் செய்தாள். ஈஸ்வரன் ஜாமீனில் வந்து மறுபடி ஜீப் ஓட்டுகிறாராம், தேவாரம் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு. அதற்காக அவள் கூப்பிடவில்லை.

"பாப்பா பக்கத்து வீட்டுப் புள்ளையப் போட்டு அடிக்கிறா மேடம். ரெண்டு வயசுப் புள்ள. ஒக்கார வச்சு, இது என்ன கலரு, இது என்ன கலருன்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறா. நேத்து அதுக்கு ஒதடு கிழிஞ்சிருச்சு. என்னடி வெளையாட்டு இதுன்னு கேட்டா, மேடம் வெளையாட்டுங்கிறா."

நான் அவளை ஒரு விரலால்கூட அடித்ததில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

தேவாரம் போனேன். வர வேண்டாம் என்று முத்துப்பிரியா சொல்லிவிடுவாளோ என்று பயந்தே போனேன். தமிழினி கதவுக்குப் பின்னால் இருந்து ரொம்ப நேரம் பார்த்தாள். நான் வாசலிலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன், கூப்பிடவில்லை.

அவளாக வந்தாள். கையில் முருங்கைக் குச்சி. "காலை மடக்கு" என்றாள். மடக்கினேன். சிவப்பு வாளியைக் காட்டி, "இது என்ன கலரு?" என்றாள். நீலம் என்றேன். முட்டியில் அடி விழுந்தது. பச்சை என்றேன். அடி. முத்துப்பிரியா பிடிக்க ஓடிவந்தாள், விடு என்று கையைக் காட்டினேன். மஞ்சள் என்றேன். தோளில், பிறகு காதோரம். "அழு" என்றாள். அழுதேன், அதற்கு ஒன்றும் சிரமப்படவில்லை.

குச்சி ஒடிந்ததும் நிறுத்தினாள். இன்னொரு குச்சி கொண்டா என்று அம்மாவைக் கேட்டாள். இடது கை இன்னும் முழுதாக நிமிரவில்லை, வலது கையால்தான் அடித்தாள். நல்ல பலம் இருக்கிறது.