கடலிலேயே சிவந்த எறா

என் பிரியமுள்ள அம்மாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோதும் திருவள்ளூருக்கு வாரம் ஒரு கார்டு போடு என்பாய், அப்போதும் தாமதம்தான். நான் படித்த ஓவியக் கல்லூரியின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். உனக்குச் சொல்வதாக நினைத்தால்தான் பேனா ஓடுகிறது. மற்றவர்களும் படிக்கட்டும், பரவாயில்லை.

முதலில் பேத்தி சமாசாரம். பதினோரு மாதம் ஆகிறது. கீழே இரண்டு பல். உன் பெயரைத்தான் வைத்தோம். அதனால் ஒரு அதட்டுக்கூடப் போட முடியவில்லை, பாப்பா என்றே கூப்பிடுகிறேன். அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. இங்கேயே குடிவந்துவிட்டோம். புழுதி ஜாஸ்தி, மற்றபடி சௌக்கியம்.

இந்த வாரம் கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும், இதைப் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று பேச வேண்டும். "படம் போட்டா யாருடி உத்தியோகம் தருவா?" என்று நீ கேட்டு, நான் பதில் சொல்லாமல் ரயிலைப் பிடிக்க ஓடினேனே, அதே கேள்வி.

பாப்பாவை முதல் முறையாக நாத்தனாரிடம் விட்டுவிட்டு ரயில் ஏறினேன். மீஞ்சூர் தாண்டுவதற்குள் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றிவிட்டது. பால் கட்டிக்கொண்டு வலி வேறு. நீ என்னை முதலில் விட்டுவிட்டுப் போனது எங்கே அம்மா? உனக்கும் இப்படித்தான் இருந்ததா?

பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஊறுகாய் பாட்டில் லேபிள், பாடப்புத்தகத்தில் இருக்கும் இதயத்தின் படம், தொழிற்சாலைச் சுவரில் மாட்டும் அபாயப் பலகை எல்லாம் காட்டினேன். இதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்றேன். நீங்கள் கட்டியிருக்கும் புடவையின் கரைகூட முதலில் ஒரு காகிதத்தில்தான் கட்டம் கட்டமாகப் பிறந்தது என்றதும், அம்மாக்கள் எல்லோரும் குனிந்து தங்கள் தலைப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். பழவேற்காட்டு மீனவர், பெயர் ஏழுமலை. பக்கத்தில் மகள் பவானி, சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"இம்மா நேரம் பேசினியேம்மா, வேல கெடைக்குமா கெடைக்காதா, அத்த சொல்லு. கெடைக்கும்னா படிக்கட்டும். இல்லன்னா சாயங்காலம் பஸ்ஸுல இட்டுக்கினு பூடுவேன்."

"நைனா, கம்முனு குந்து" என்றாள் பவானி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவருக்குப் புரிகிற மாதிரி ஒன்றைக் காட்டலாம் என்று, பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தேன். அம்மா, இதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. இங்கே எறா என்கிறார்களே, அந்த இறாலைப் பனிக்கட்டியில் உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிக்கு நான் வரைந்த பெட்டி அது. நீ உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது, உன் கட்டிலுக்கு அடுத்த அறையில் உட்கார்ந்துதான் வரைந்தேன். என்னடி வரையறே என்று கேட்டாய். பூ என்று சொல்லிவிட்டேன்.

நீல அலையிலிருந்து மூன்று எறா துள்ளுகிற மாதிரி படம். நல்ல மிளகாய்ச் சிவப்பு. எனக்கு மிகவும் பிடித்த வேலை.

ஏழுமலை பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கடல்லயே கொழம்பு வச்சிட்டியா?"

எனக்குப் புரியவில்லை. பவானிதான் மெல்லச் சொன்னாள். "அக்கா, எறா தண்ணில கீறப்ப சாம்பக் கலருதான். வெந்தாத்தான் செவக்கும்."

மண்டபமே சிரித்தது. கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்தில் பிறந்தவள் எறாவை எங்கே கண்டாள்? ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் தட்டில் பரிமாறியிருந்ததைப் பார்த்து, அப்படியே கடலில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். கம்பெனி மேனேஜரும் சைவம்.

என் மானம் போனது போகட்டும், என்னால் அந்தப் பெண்ணின் படிப்பல்லவா போகப்போகிறது என்று பதறினேன்.

"நான் எறாவைப் பார்த்ததே இல்லை. அதான் தப்பாகிவிட்டது" என்று ஒப்புக்கொண்டேன்.

"தப்பாப் போட்டதையே வாங்கிக்கினாங்களா?"

"வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்றும் கேட்டிருக்கிறார்கள்."

அவர் பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணும் தெரியாத நீ போட்டே வாங்கிக்கினான். எல்லாம் தெரிஞ்ச என் பொண்ணு போட்டா?"

தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் முடியவில்லை அம்மா. "கட்டாயம் கிடைக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். படித்து முடித்து ஆறு மாதம் நானே சும்மா இருந்தேன். குழந்தை பிறந்த பிறகு மாதம் ஒன்றிரண்டுதான் வருகிறது. ஆனால் இந்தப் பெட்டியை என்னைவிட அவள் நன்றாக வரைவாள். அது நிச்சயம்" என்றேன்.

பவானியே எழுந்து வந்து கரும்பலகையில் ஒரு எறாவை வரைந்தாள். மீசை உடம்பைவிட நீளம். அப்பா கீழே நின்றுகொண்டே, "வாலு அம்மாம் அகலம் கெடையாது... ஆங், இப்ப சரி" என்று திருத்தினார். திருத்துகிறவர் எப்படி அழைத்துக்கொண்டு போவார்?

சாயங்காலம் வாசலில் என்னிடம் வந்தார். "ஒரு வருசம் வுட்டுப் பாக்கறேன். நீ சொன்ன அந்த இன்னொரு பொட்டிய இதுங்கூட சேந்து போடு. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா, உசுரோட காட்டறேன். துன்ன வாணாம், டீ குடி."

வீட்டுக்கு வந்தால் பாப்பா என்னைத் தேடவே இல்லை. நாத்தனார் மடியில் அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவதா, கோபித்துக்கொள்வதா?

நாளைக்கு ஞாயிறு. பாப்பாவையும் தூக்கிக்கொண்டு பழவேற்காடு போகிறேன். எறாவைக் கையில் எடுத்துப் புரட்டித்தான் பார்க்கப்போகிறேன். நீ முகம் சுளிப்பாய், நன்றாகச் சுளித்துக்கொள். இனி எதை வரைந்தாலும் நீ கேட்டால் பூ என்று சொல்ல மாட்டேன். பாப்பாவைத் தூக்குமுன் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுவேன். இது சத்தியம்.

உன் பெயர்கொண்டவளைச் சுமக்கும்,
உன் மகள்