றொய்ஸ்டனுக்குப் பீச் கொப்ளர்

மங்கரே புறநகரில் உள்ள வீட்டிலிருந்து வேலைக்குப் புறப்படுமுன் புஷ்பமலர் கணவன் ஏர்னஸ்டுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள். பொறியியல் படிப்பை விட்டுப் பேக்கரியில் சேர்ந்த மகன் றொய்ஸ்டன், தகப்பனோடு முறைத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன், இன்றுதான் முதல்முறையாகத் திரும்பி வருகிறான். இருவரையும் எப்படிக் கதைக்க வைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

"இஞ்சேருங்கோ, றொய்ஸ்டன் பின்னேரம் வாறான். நான் வரப் பிந்தும். பீச் கொப்ளரை நீங்கள்தான் செய்யவேணும். பீச் பழத்தை வெட்டி, சீனியும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிரட்டித் தட்டில வைச்சிருக்கிறன். மா, பட்டர், பால் மேசையில இருக்கு. குழைச்சு, கரண்டியால அள்ளிப் பழத்துக்கு மேல அங்கையும் இங்கையுமா வையுங்கோ. தட்டை ஓவனுக்குள்ள வைச்சு 180இல போட்டு, மேல் பொன்னிறமாகி ஓரத்தில சாறு கொதிச்சு வந்தா நிப்பாட்டுங்கோ. சோறும் மீன்குழம்பும் அடுப்பில இருக்கு. கதவை நீங்களே திறந்து விடுங்கோ."

தன் பெயரை எழுதிய பிறகும் பேனையை வைக்க மனமில்லை. அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"மாவை வேணுமெண்டுதான் குழைக்காமல் விட்டனான். மாக் குழைக்கிறதும் ஒரு வேலையோ எண்டு அவனைக் கேட்டனீங்கள்தானே? தெரியாட்டி எனக்கு ஃபோன் எடுக்காதேங்கோ. அவனிட்டைக் கேளுங்கோ."

அவள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது குசினியிலிருந்து மகனின் குரல் கேட்டது.

"போதும் அப்பா! இன்னும் குழைச்சா இறுகிப்போயிடும்."

"ஓம், ஓம்," என்றார் ஏர்னஸ்ட். "பிறகென்ன செய்யிறது? நீ சொல்லு."

புஷ்பமலர் உள்ளே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, ஆறுதலாகச் சப்பாத்து நூலை அவிழ்க்கத் தொடங்கினாள்.