அப்பாவின் ஞாயிறு மாத்திரை

பாவ்நகர்

அன்பு மகள் ஹேதலுக்கு அம்மாவின் ஜெய் ஜினேந்திர. ஞாயிறு காலை வீட்டில் இருந்தவர்கள் நான், உன் அப்பா, எதிர்வீட்டுக் கிரிட்பாய், அவர் சுடச்சுட வாங்கி வந்த ஃபாஃப்டா ஜிலேபி. பகவான் அருளால் எல்லோரும் நலம், லெஸ்டரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும்.

ஆபரேஷனில் அப்பாவுக்கு வைத்த புது இடுப்பு மூட்டைப் பிடித்திருக்கும் எலும்பு கரையாமலிருக்க வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார்களே, ஒழுங்காகப் போடுவதாகப் போனில் உன்னிடம் சொன்னாரே, அத்தனையும் பொய். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும், அதுவரை எதுவும் சாப்பிடக் கூடாது. இவர் டீயோடு விழுங்கிவிட்டு ஊஞ்சலில் சாய்ந்துவிடுவார். பிறகு நெஞ்செரிகிறது என்று மாத்திரையைத் திட்டித் திட்டிக் கடைசியில் நிறுத்தியே விட்டார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு மெலிந்துவிட்டது, இப்படியே போனால் மூட்டு ஆட்டம் கண்டு மறுபடி அறுக்க வேண்டிவரும் என்றார், மாத்திரையைச் சொன்னபடி போட்டுப் பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, இவருக்குக் குறட்டை மட்டும் குறையவில்லை.

மறுநாள் பெண் துறவிகள் தங்கியிருக்கும் உபாசரயத்துக்கு அழைத்துப் போனேன். ஞாயிறுதோறும் அசையாமல் உட்கார்ந்து ஒரு சாமாயிக தியானம் செய்வதாக சாத்வீஜி நியம உறுதிமொழி ஓதும்போது எல்லோரும் கைகூப்ப, இவரும் மரியாதைக்குக் கூப்பிவிட்டார். கூப்பினால் ஏற்றுக்கொண்டதாகும் என்பது செருப்பு மாட்டும்போதுதான் ஐயாவுக்கு உறைத்தது. "நான் சும்மா கும்பிடுதானேடி போட்டேன் ரமீலா" என்றார். "அப்போ உள்ளே போய் சாத்வீஜிகிட்டயே சொல்லிட்டு வாங்க, நான் நிக்கறேன்" என்றேன். போய் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

இப்போது மாத்திரையை விழுங்கி நாற்காலியில் சாமாயிகத்துக்கு உட்கார்ந்தால் நாற்பத்தெட்டு நிமிடத்துக்கு எழவோ சாயவோ வாயில் ஒன்றைப் போடவோ வழியில்லை. கிரிட்பாய் பொட்டலத்தைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, "டேய் ரசிக், ஜிலேபி ஆறிப்போனா அந்தப் பாவம் யாருக்குடா?" என்று கேட்கிறார். இவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டார். நேரம் முடிந்து பார்த்தால் மனிதர் தூங்குகிறார், ஆனால் நேராக உட்கார்ந்தபடி. எனக்கு அது போதும்.

ஆனால் நெஞ்செரிச்சல் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். வருடத்துக்கு ஒரு ஊசி போட்டால் மாத்திரையே வேண்டாமாம், உன்னைக் கேட்கப் போகிறாராம். தப்பிக்கக் கேட்கிறாரா, உண்மையிலேயே எரிகிறதா, எனக்குத் தெரியவில்லை. நீ மருந்துக்கடையில் இருப்பவள். ஊசிதான் அவர் எலும்புக்கு நல்லது என்றால் ஒளிக்காமல் சொல், டாக்டரிடம் நானே கேட்கிறேன். அவர் சாமாயிகம் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மனிதரை மறுபடி அறுக்க விடமாட்டேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இருவரும் நீடூழி வாழ்க. சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
ரமீலா