கூலிங்கிளாஸ் போட்ட முகம்

என் அருமைப் பாவி பாஸ்கருக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, வெறுந்தலையோடு படவேட்டிலிருந்து திரும்பும் வழியில் விழுந்தவனிடம் நலம் விசாரிக்க என்ன இருக்கிறது? செத்தவனைத் திட்டக்கூடாதாம். சொல்கிறவர்களுக்கென்ன, உன்னைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

சர்க்கரையில் பார்வை போன உன் அம்மா போன வாரம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்க ரெண்டு பேரும் வாங்கின மெஷின் ஃபோட்டோவ பாத்து மரத்துல மொகம் செதுக்குமாமே. எம் புள்ள மொகத்த செஞ்சி குடுடா சேகரு. தடவிப் பாக்கணும்." நம் சிஎன்சி மெஷின்தான். வாரமெல்லாம் கம்ப்யூட்டரில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இந்த மெஷினில் சாமி படம் செதுக்கி விளையாடினோமே, அதே மெஷின்.

ஆரணி முழுக்க உன் ஃபோட்டோ இருக்கிறது. ஒன்றிலாவது கண் இருக்கிறதா? கல்யாண வீடு, கோயில், ரேஷன் கடை வாசல், எங்கே பார்த்தாலும் அந்தக் கூலிங்கிளாஸ். என்ன திமிர்டா உனக்கு! மெஷினுக்கு வெளிச்சம் என்றால் மேடு, கறுப்பு என்றால் பள்ளம். கண்ணை அப்புறம் சரிசெய்யலாம் என்று ஒரு வீண் பலகையில் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த உன் அம்மா, நான் தடுப்பதற்குள் அதில் கையை வைத்துவிட்டார்.

"இன்னாடா இது? கண்ணு இருக்கிற எடத்துல ரெண்டு குழி கீது!" என்று கையை உதறினார். நீ எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

கம்ப்யூட்டரில் உன் கண்ணை எவ்வளவோ வரைந்து பார்த்தேன். யாரோ ஒருவன்தான் முறைத்தான், நீ வரவில்லை. கடைசியில் உன் அம்மாவிடமே கேட்டேன், "எப்படிம்மா இருக்கும் அவன் கண்ணு?"

"வளந்தப்புறம் மொகத்த தொட எங்க உட்டான்? கைய தட்டி உட்டுட்டு போய்கினே இருப்பான். தூங்கும்போதுதான் தடவுவேன். என் கைக்கு மூடின கண்ணுதான்டா தெரியும். அப்படியே செய்யி."

செய்தேன். குழிகளின் மேல் இரண்டு இமைகளை மூடி, தேக்கில் செதுக்கிக் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருக்கிறார். பெற்றவளுக்குக்கூட முகத்தைக் கொடுக்காமல் அப்படி என்னடா அவசரம் உனக்கு?

உன் அம்மாவுக்கு வேண்டுமானால் நீ தூங்கு. எனக்கு அது போதாது. எத்தனை பலகை வீணானாலும் சரி, கண் திறந்த முகம் ஒன்றைச் செதுக்கி என் எதிரே மாட்டத்தான் போகிறேன். தூங்குகிறவனை எப்படிடா திட்டுவது?

கோபம் ஆறாத உன் மச்சான்,
சேகர்