முட்டுவீட்டுச் சுவரில் கரிக்கோடுகள்

சின்னமனூர் தபால்,
ஈஸ்வர வருஷம், பங்குனி மாதம் 9ஆம் தேதி.

வண்டிப்பெரியாற்று மலையில் ஏலத்தோட்ட மேஸ்திரியாகக் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும் என் தம்பி தவசிக்கு, அடிவாரத்து வெயிலில் வெந்துகொண்டிருக்கும் அக்கா ராமுத்தாய் எழுதுவது. இங்கே ஒருத்தியைத் தவிர எல்லோரும் சுகம். அந்த ஒருத்திக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர்ச் சேதி. வாய்க்கால் வயல் அறுப்பு முடிந்தது. உன் மச்சான் சங்கரலிங்கம் களத்தில் காவலுக்குப் படுத்தார். நெல் பத்திரமாக இருக்கிறது, அவர் வேட்டியைத்தான் எலி கடித்துவிட்டது. ஆத்தாவின் சிவப்புப் பசு கிடாரி ஈன்றிருக்கிறது. ஆத்தாவின் வாய்க்கு ஒரு குறைவும் இல்லை.

உன் கடிதம் போன வாரம் வந்தது. நம் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே, நான்தான் வாசித்தேன். ஆத்தா எதிரில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சம்மாள் கதவோரம் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பாதிக் கடிதத்தில் என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. உன் பெண்டாட்டி பஞ்சம்மாள் மாதம் மூன்று நாள் சுருண்டு கிடப்பது வேலைக்குப் பயந்த நடிப்பு என்று ஆத்தா சொல்வது சரிதான் போலிருக்கிறது என்றும், கல்யாணமாகி ஐந்து வருஷமாகப் பிள்ளையும் இல்லாததால் ஆண்டிபட்டிப் பெண்ணையே இரண்டாம் தாரமாகப் பேசி முடிக்கட்டும் என்றும், வீரபாண்டித் திருவிழாவுக்கு வரும்போது பரிசம் போட்டுவிடலாம் என்றும் எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்.

அந்த நான்கு வரியை நான் வாசிக்கவில்லை. அதற்குப் பதிலாக, யானை வந்து உன் குடிசைக் கூரையைப் பிய்த்ததாகச் சொந்தமாக வாசித்தேன். ஆத்தா அழுதுவிட்டாள். நீ வந்ததும் யானையைப் பற்றிக் கேட்பாள், ஏதாவது தயார் செய்துகொண்டு வா. பஞ்சம்மாள் அழவில்லை. மொச்சையைக் கீழே வைத்துவிட்டு, “அவுகளுக்குக் காயம் ஒண்ணும் படலையே மதினி?” என்று மட்டும் கேட்டாள்.

தம்பி, ஊருக்குக் கிழக்கே இருக்கும் முட்டுவீடு உனக்குத் தெரியும், வெளியிலிருந்து. வீட்டுக்கு விலக்கான பெண்கள் மூன்று நாளும் அங்கேதான் கிடக்க வேண்டும். சோற்றை வேலியோரம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பஞ்சம்மாள் நடந்து போவாள், தலைமுழுகிவிட்டு நடந்து வருவாள். நடுவில் நடந்ததை நீயும் பார்த்ததில்லை, ஆத்தாவும் பார்த்ததில்லை. பார்க்காத வலியை நடிப்பு என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

அது நடிப்பு இல்லையோ என்று எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. அது எப்படி வந்தது என்று இப்போது கேட்காதே. ஆனால் எனக்கு அந்த மாதாந்தரத் தொல்லை போன ஆடியோடு நின்றுவிட்டது. தம்பிக்கு எழுதுகிற சேதியா இது என்று முகத்தைச் சுளிக்காதே, மேலே படி. கார்த்திகையில் பஞ்சம்மாள் கிளம்பிய அன்று, நானும் ஒரு பழம்பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். ஊர் வாயைப் பிளந்தது. அடுத்த வீட்டுச் சுப்புத்தாய் என் வயதை விரல்விட்டு எண்ணி, கைவிரல் போதாமல் கால்விரலுக்குப் போனாளாம். உன் மச்சான் வைத்தியரைக் கூப்பிடட்டுமா என்று பதறினார். அன்று முதல் ஐந்து மாதமாக, பஞ்சம்மாள் பாயைச் சுருட்டினால் நானும் சுருட்டுகிறேன். கிழவி வயதில் இவ்வளவு ஒழுங்கு இந்தத் தாலுகாவிலேயே எவளுக்கும் கிடையாது.

முதல் நாள் பார்த்ததை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரில் முட்டினாள். அடிவயிற்றில் பிடித்த வலி இடுப்பைச் சுற்றித் தொடைவரை இறங்கியது. குடித்த கஞ்சி நிற்கவில்லை. நான் வழக்கம்போல ஏதோ உளறினேன். “சிரிக்க வைக்காதீக மதினி, சிரிச்சா உள்ள கிழியுது” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

பிறகு ஊர்ப்பட்ட வைத்தியம். ஒருத்தி வேப்பங்கொழுந்து என்றாள், ஒருத்தி பேரே தெரியாத ஒரு வேர் என்றாள். எதையும் அவளுக்குக் கொடுக்கும் முன் நான் குடித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். வலியே இல்லாதவள் குடித்து என்ன தெரியப்போகிறது என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அறிவு ஏது? அந்த வேர் என்னை ஒரு பகல் முழுக்க ஓடைப்பக்கம் ஓடவைத்தது. அதைத் தூக்கி எறிந்தேன்.

தை மாதம், நமக்குச் சேலை விற்கிற உத்தமபாளையத்து அம்சத் பீவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மகளுக்கும் இதே பாடாம். அவரே எங்களை வண்டியில் ஏற்றி ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு சில பெண்களுக்கு வெளியிலும் ஒட்டி வளருமாம். மாதாமாதம் அந்த இடமும் சேர்ந்து புண்ணாகுமாம். இது அதுவாக இருக்கலாம், வயிற்றைத் திறந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதாம். அடியோடு போக்கும் மருந்து அவரிடம் இல்லை. பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். நடிப்பு மட்டும் இல்லை என்றார். அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். இரண்டாம் தடவைதான் பஞ்சம்மாள் அழுதாள்.

அதன்பிறகு அம்சத் பீவி சொன்னதையும் டாக்டரம்மா சொன்னதையும் கலந்து எங்கள் வைத்தியம் நடக்கிறது. தவிட்டையும் கல்லுப்பையும் வறுத்துத் துணியில் முடிந்து அடிவயிற்றிலும் இடுப்பிலும் ஒத்தடம். தவிடு, உப்பு இரண்டையும் மடியில் மறைத்து முட்டுவீட்டுக்குள் கடத்துகிறவள் உன் அக்கா. நாள் நெருங்கினால் எருக்கூடை தூக்கக் கூடாது. அந்தக் கூடை என் தலையில். உளுந்தங்களியும் கருப்பட்டியும், கீரையும், பொழுதோடு தூக்கமும். மற்ற நாளில் சாயங்காலம் வாய்க்கால் கரையில் மெதுவாக ஒரு நடை. காப்பியை நிறுத்தச் சொன்னார்கள். அவளுக்குத் துணையாக நானும் நிறுத்தினேன். நான்காம் நாள் உன் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, தயவுசெய்து குடித்துவிடு என்று கெஞ்சினார்.

பலனைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைக்கிறோம். தாங்க முடியாத வலிக்கு ஐந்து கோடு. கார்த்திகையில் ஐந்து, மார்கழியில் ஐந்து. தையில் நான்கு. மாசியில் மூன்று போட்டுவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு முறுக்குத் தின்றோம். இந்தப் பங்குனியில் மறுபடி ஐந்து. பொய் எழுத மாட்டேன், வலி போகவில்லை. ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்து வலிக்கிறபோது அவள் முகம் வேறாக இருக்கிறது.

அந்தச் சுவரில் ஏற்கெனவே மங்கலாகச் சில கோடுகள் உண்டு, ஐந்து ஐந்தாக, வரிசையாக. யார் போட்டது என்று பஞ்சம்மாள் கேட்டாள். எவளோ ஒரு கிறுக்கச்சி என்றேன்.

நேற்று உன் மச்சானிடம், இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அந்த வேலிப்பக்கம் வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்களா என்றேன். அவர் நல்ல மனுஷர்தான், உனக்கே தெரியும். திருதிருவென்று விழித்தார். “நீ சிரிச்சுக்கிட்டேதான திரும்பி வருவ, எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். 

ஆகையால் தம்பி, ஆண்டிபட்டிக்கு இன்னும் ஒரு வார்த்தையும் போகவில்லை. போகவிடுவதும் நிறுத்துவதும் இனி உன் கையில். ஆத்தாவை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னிடம் இன்னும் யானைகள் இருக்கின்றன.

தோட்டத்துத் துரைசாணி வெந்நீர் ஊற்றி வயிற்றில் வைத்துக்கொள்ள ரப்பர் பை ஒன்று வைத்திருப்பதாக முன்பு சொன்னாயே, அதுபோல ஒன்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வாங்கி வா. எங்கள் நாள் கணக்குப்படி திருவிழா அன்று பஞ்சம்மாள் முட்டுவீட்டில்தான் இருப்பாள். பையை என்னிடம் கொடுக்காதே, ஆத்தாவிடமும் கொடுக்காதே. நீயே வேலிவரை வந்து, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டுக் கொடு. ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும், அந்த மாதம் நான் பாயைச் சுருட்ட வேண்டியதில்லை.

வீரபாண்டிக் கௌமாரியம்மன் உன்னைப் பார்த்துக்கொள்வாள். பஞ்சம்மாளை நீ பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சிரித்துக்கொண்டே திரும்பி வந்த உன் அக்கா,
ராமுத்தாய்.