ரேடியோவில் நீ சொன்ன பெயர்

மே பென்,
12 மே 1991

அன்புள்ள லின்வல்,

பர்மிங்காமில் நீயும் பான்சி சித்தியும் சுகம்தானே. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மற்றதைக் கீழே எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபத்தோடு பேனாவை எடுக்கக்கூடாது என்று இருந்தேன், அது போகிற வழியாய்த் தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். தங்கை கிளாடெட்டுக்குப் பரீட்சை முடிந்தது, கணக்குதான் உதைக்கிறது என்கிறாள். சீமைப்பலா இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, சுட்டுத் தின்ன நீ இல்லை.

ஈஸ்டர் திங்கட்கிழமை நம் பாட்டுச் செட்டுக்கும் பஸ்பியின் செட்டுக்கும் நடந்த இசைத்தட்டுப் போட்டியில் தோற்றோம் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும், எப்படி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் சரிசமமாக வந்ததால், ஆளுக்கொரு கடைசித் தட்டில் போட்டி நின்றது. உன் அப்பா அந்தப் பழைய ரெக்கே தட்டை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார், பாடியது யார், என்ன பாட்டு என்று எந்த எதிராளிக்கும் தெரியாதபடி லேபிளை ஆணியால் சுரண்டி, பதினாறு வருஷம் காப்பாற்றி வைத்த தட்டு. பஸ்பியின் முறை முதலில். அவன் ஊசியை வைத்ததும் நம் பாட்டு அவன் பெட்டியிலிருந்து வந்தது. எதிராளி போட்டதைத் திரும்பப் போட்டால் தோல்வி, அது நீ நடக்கும் முன்பே தெரிந்துகொண்ட சட்டம். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, என்ன பெரியவரே, கையில இருக்குற தட்டு இனிமே விசிறிதான், வீசிக்கிட்டே வீட்டுக்குப் போங்க, உங்க மவனே பர்மிங்காம் ரேடியோவுல பாடுனவ பேரு ஊரு எல்லாம் சொல்லிட்டான், கேசட்டு எனக்கும் வந்துச்சு என்றான். கூட்டம் தகர வேலியைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அப்பா பஸ்பியைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பெயர் அவரும் நானும் மட்டும் அறிந்தது.

நீ விமானம் ஏறிய அன்று, அப்பாகிட்டேயிருந்து ஒண்ணு எடுத்துட்டுப் போறேம்மா, அந்தப் பேரை மட்டும் சொல்லு என்று கெஞ்சினாய், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பைபிள் மேல் கை வைத்தாய். பதினேழு வயதில் உன்னைப் பெற்று, இடுப்பில் உன்னைச் சுமந்துகொண்டே டீச்சர் காலேஜ் முடித்தவள் நான், வகுப்பில் நாற்பது பிள்ளைகள் சொல்லும் சாக்கில் ஒன்றையும் நம்புவதில்லை, உன்னை நம்பினேன். பாடினவங்க பேரைச் சொல்றது தப்பாம்மா என்று கடிதத்தில் கேட்கிறாய். தப்பில்லை. அதைப் பாடிய மிஸ் ஐசில்டா, இப்போது ஓல்ட் ஹார்பரில் மீன் பொரித்து விற்கிறவள், என் பேரை இப்பவாவது ஒருத்தன் சொன்னானே என்று அழுதாளாம், கட்டிலுக்கடியில் கிடந்த தட்டைப் பஸ்பிக்கு அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் பெயரைச் சுரண்டியது எங்களுக்கும் பெருமை இல்லை. ஆனால் நீ அவளுக்காகச் சொல்லவில்லை. கேசட்டை நானும் வாங்கிக் கேட்டேன். ரேடியோக்காரன், அட, யாரு வீட்டுப் பையன்டா நீ, உனக்கு எப்படித் தெரியும் என்கிறான், நீ அப்பாவின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், நான்தான் அவனுக்குச் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தெரியும் என்றார், அவ்வளவுதான். சண்டை இல்லை, சமைத்ததைச் சாப்பிடுகிறார், கிளாடெட்டோடு பேசுகிறார். எந்த நல்ல தட்டு கிடைத்தாலும் சுரண்டுவதற்கு முன் பாடியவர் பெயரை என் காதில் ஒருமுறை சொல்லுவார், கல்யாணமான நாள் முதல் அதுதான் வழக்கம். போன வாரம் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து சுரண்டினார், தூளை ஊதினார், பெட்டியில் வைத்து மூடினார். நானும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு நீயே எழுது, கேசட்டில் பேசி அனுப்பாதே, உன் கையெழுத்தில் இருக்கட்டும். அம்மா மேல் தப்பில்லை என்று மட்டும் எழுதாதே, இருக்கிறது. மார்ச்சளி உனக்குச் சீக்கிரம் பிடிக்கும், அங்கே மே மாதமும் குளிர்தான் என்று சித்தி சொல்கிறாள், கம்பளி பனியனைக் கழற்றாதே. காலை ஜெபத்தில் உன் பெயரை இன்னும் முதலில்தான் சொல்கிறேன், கர்த்தர் உன்னைக் காக்கட்டும். இனிமேல் எந்தத் தட்டின் பெயரையும் என்னிடம் கேட்காதே. எனக்குத் தெரியாது.

உன் அம்மா,
வெர்லின்